நாய், பூனையோடு இருக்கும் வீட்டை விற்க நான்கு வழிகள்: எது யாருக்குச் சரிப்படும்?

போன மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். இரண்டு படுக்கையறை ஃபிளாட், ஒரு லேப்ரடார், ஒரு பூனை. மகனுக்கு பெங்களூரில் வேலை, இவர்களும் அங்கேயே போய்விடுவதாக முடிவு. "வீட்டை விக்கணும். ஆனா இதுங்களை வெச்சுக்கிட்டு எப்படிக் காட்டுறது? போர்டிங்ல விட்டுடட்டுமா, இல்ல நாங்க முதல்ல காலி பண்ணிட்டு அப்புறம் விக்கட்டுமா?" என்று கேட்டார். (போர்டிங் என்றால் நாள் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு நாய், பூனையைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்.) இதே கேள்வியை அதற்குமுன் அலுவலகத்தில் ஒருவரும், என் தங்கையின் தோழியும் கேட்டிருக்கிறார்கள்.

மடிப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டை விற்றபோது நாங்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றோம். அப்போது வீட்டில் ராணி என்ற ஒன்பது வயது நாட்டு நாய். பஞ்சு, மிளகு என்று இரண்டு பூனைகள். இருக்கும் நான்கு வழிகளில் மூன்றை அரைகுறையாக முயன்றுவிட்டு, நாலாவதைப் பற்றிக் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். அந்த அனுபவத்தோடு, பிறகு தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

முதலில் வாசனை. வீட்டுக்காரர் மூக்குக்கு இது தெரியவே தெரியாது, பழகிப்போயிருக்கும். உள்ளே வருகிறவருக்கு முதல் நொடியிலேயே தெரியும். நாய், பூனை வளர்க்காத பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தப்பா நினைக்க மாட்டேன், உண்மையைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அல்லது ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் அந்தக் கணத்தில் நீங்களே மோந்து பாருங்கள்.

அடுத்தது திடீர் வருகை. நம் ஊரில் வீடு பார்க்க யாரும் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. "சார், பத்து நிமிஷத்துல பார்ட்டியோட வரேன்" என்று புரோக்கர் போன் செய்யும்போது அவர் லிஃப்டில் இருப்பார். அந்தப் பத்து நிமிடத்தைச் சமாளிக்க முடியுமா என்று ஒவ்வொரு வழியையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அந்த ஜீவனின் உடம்பும் மனசும். நாய் ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும், பூனை இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். முழு உண்மை இல்லை என்றாலும், இந்த முடிவை எடுக்க அது போதும்.

நான்காவது பணம். கண்ணுக்குத் தெரியும் செலவு, தெரியாத செலவு இரண்டும்.

கடைசியாகக் காலம். என்னைக் கேட்டால் பாதி முடிவை இதுதான் எடுக்கிறது. பத்து நாளுக்குத் தாங்கும் ஏற்பாடு பத்து வாரத்துக்குத் தாங்காது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு காலண்டரே உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் வந்து பார்ப்பார்கள், ஆனால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும்தான் கை நீளும். ஆனி கடைசியில் விற்பனைக்குப் போட்டால், ஆடி முழுக்க வெறும் பார்வையாளர்களுக்குக் கதவு திறக்க வேண்டியிருக்கும். ஒரு நாளுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

## எந்த வழியானாலும் தப்பாத வேலை

பூனை மூத்திரம் காய்ந்த பிறகும் அதிலுள்ள யூரிக் அமிலம் படிகமாகத் தரையிலும் சுவரிலும் தங்கிவிடும். தண்ணீர் ஊற்றித் துடைத்தால் அது கரையாது. காற்றில் ஈரம் ஏறும்போது வாசனை திரும்ப எழும். வைகாசி வெயிலில் "நம்ம வீட்ல ஒண்ணும் நாறலையே" என்று நிம்மதியாக இருப்போம். ஐப்பசி முதல் மழையன்று வீடு பார்க்க வருபவர் மூக்கைச் சுளிப்பார்.

இதற்கு என்சைம் கிளீனர் என்று கடைகளில் கிடைப்பதுதான் மருந்து. தெளித்த உடனே துடைத்துவிடக் கூடாது. நன்றாக ஊறவிட்டுத் தானாகக் காய விட வேண்டும். பழைய கறை என்றால் இரண்டு மூன்று முறை. எங்கே தெளிப்பது என்று தெரிய ஒரு புற ஊதா டார்ச் வாங்கி, ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவர் மூலை, ஹால் சோபா கால், பால்கனிக் கதவின் நிலை மூன்றும் மஞ்சள் பச்சையாக மின்னின. வாஷிங் மெஷின் பக்கம் பஞ்சு போவான் என்றே எங்களுக்குத் தெரியாது. டைல்ஸ் பளபளப்பாக இருக்கும், இடுக்கை அடைக்கும் கிரவுட் பூச்சுதான் உறிஞ்சி வைத்திருக்கும்.

நம் கை முதலில் போவது பினாயிலுக்கு. பூனை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். அதிலுள்ள பினால் வகை ரசாயனத்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினால் விஷமாகும். மூத்திரக் கறைமேல் நேராக பிளீச்சிங் போடுவதும் தப்பு. அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் புகை வரும். மார்பிள் தரையில் ஆசிட்டோ வினிகரோ பட்டால் மெருகு போய் வெள்ளைத் திட்டு விழும், அந்தத் திட்டு கறையைவிட அசிங்கமாக இருக்கும். அந்துருண்டையைப் போட்டு வாசனையை மூடப் பார்க்கிறார்கள். அதை நாய் விழுங்கினால் நேராக ஆஸ்பத்திரிதான். ஊதுபத்தியைப் பற்றி எங்கள் புரோக்கர் ஒரு வார்த்தை சொன்னார்: "வீடு பார்க்கப் போனா ஊதுபத்தி வாசனை வந்தாலே, எதையோ மறைக்கிறாங்கன்னு பார்ட்டி உஷாராயிடுவாங்க சார்."

அப்புறம் சுவர். நாய் உள்ள வீட்டில் நடைபாதைத் திருப்பத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு ஓடும். நாய் தினமும் அங்கே உரசிக்கொண்டு திரும்புவதால் ரோமத்து எண்ணெய் ஏறிய கோடு அது. ஒன்பது வருடம் அந்தச் சுவரைத் தாண்டிப் போன எனக்கு அது கண்ணில் படவே இல்லை. முதலில் பார்க்க வந்த ஒரு அம்மா குனிந்து அதை விரலால் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப வரவும் இல்லை. அதன்மேல் அப்படியே எமல்ஷன் அடித்தால் சில வாரத்தில் மஞ்சளாக மேலே வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, ஆயில் பிரைமர் ஒரு கோட் கொடுத்த பிறகே பெயிண்ட். மூத்திரம் ஊறிய சுவருக்கும் இதேதான். தண்ணீர் கலக்கும் பிரைமர் வாசனையைத் தடுக்காது.

கதவுக் கீறலுக்கு ஆசாரியைக் கேட்டால் கதவையே மாற்றச் சொல்வார். தேக்கு என்றால் தேய்த்து, மரத்துக்கான புட்டி வைத்து, பாலிஷ் போட்டால் போதும். மைக்கா ஒட்டிய கதவு என்றால் கீழே ஒரு அடி உயரத்துக்கு ஸ்டீல் தகடு அடித்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், பார்த்தவர்கள் அதை வசதி என்றே நினைத்தார்கள். கிழிந்த கொசு வலையை மாற்றுங்கள். பால்கனியில் பூனைக்காகக் கட்டிய வலையை மட்டும் கழற்ற வேண்டாம். புறாத் தொல்லை இல்லாத ஃபிளாட் சென்னையில் எது?

உண்ணி ஒன்று பாக்கி. நாய் உண்ணி நாயோடு மட்டும் இருப்பதில்லை. சுவரேறி ஜன்னல் சட்ட இடுக்கிலும் சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும், சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். சுவரில் ஒன்றே ஒன்று ஊர்வதைப் பார்த்தால் போதும், அந்தப் பார்ட்டி போச்சு. நாய்க்கு மருந்தும் சுவருக்கு மருந்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பெர்மெத்ரின் வகை மருந்து நாய்க்குப் பரவாயில்லை, பூனைக்கு விஷம். பெஸ்ட் கண்ட்ரோல்காரரிடம் பூனை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

## வழி 1: வீட்டிலேயே வைத்துக்கொண்டு காட்டுவது

செலவு குறைவு, உழைப்பு அதிகம். தினமும் இரண்டு முறை லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் தட்டு) சுத்தம், காலையும் மாலையும் ரோமம் பெருக்குவது, நாய் படுக்கும் துணியைத் துவைப்பது என்று ஒரு கூடுதல் வேலைக்கே ஆள் வேண்டும். பிளாஸ்டிக் லிட்டர் பாக்ஸ் பழையது என்றால் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள். அதன் கீறல்களில் வாசனை ஏறியிருக்கும், கழுவினால் போகாது.

நேரத்தைக் கட்டுப்படுத்துவதுதான் இந்த வழியின் உயிர். "சனி, ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று, மாலை மூன்று முதல் நாலரை. மற்ற நாட்களில் முந்தின நாள் சொல்லுங்கள்" என்று புரோக்கரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். முணுமுணுப்பார், பிறகு ஒத்துக்கொள்வார். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம் என்பதால் எப்படியும் யாரும் வர மாட்டார்கள். ராணிக்கு நாங்கள் நிம்மதியாகச் சாப்பாடு போட்டது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

பார்ட்டி வரும் நேரத்தில் நாய் வீட்டில் இருக்கக் கூடாது. எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. கட்டிப்போட்டால் குரைக்கும், அறையில் பூட்டினால் கதவைப் பிறாண்டும், அவிழ்த்துவிட்டால் யாராவது அலறுவார்கள். கடித்துவிட்டால் விற்பனையோடு விஷயம் நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டு ஆபத்து விளைவித்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஒருவர் வீட்டைக் காட்ட, இன்னொருவர் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போக, ஆக இரண்டு பேர் வேண்டும். காரில் உட்கார வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வருவது மட்டும் கூடவே கூடாது. நம் வெயிலில் சில நிமிடங்களே உயிருக்கு உலை.

பூனைக்கு ஒரு அறை. நாங்கள் சின்னப் படுக்கையறையை ஒதுக்கி, கதவில் "உள்ளே பூனை, தயவுசெய்து திறக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினோம். மூன்றாவது பார்ட்டியோடு வந்த ஆறு வயதுப் பையன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உடனே திறந்தான். மிளகு அவன் காலுக்கு நடுவில் பாய்ந்து, பூஜை அலமாரி வழியாகப் பரண் ஏறிவிட்டாள். அவனோடு வந்த பாட்டி "சிவ சிவா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து பார்ட்டி வரக் கால் மணி நேரம் முன்பே இரண்டு பூனைகளையும், அவற்றைத் தூக்கிச் செல்லும் கூண்டான கேரியரில் போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, அந்த அறையில் வைத்துவிட்டு நாங்களே கதவைத் திறந்து காட்டினோம். ஒரு பிரச்சினையும் இல்லை. கேரியரைப் பல நாட்கள் முன்பே திறந்து வைத்து உள்ளே சாப்பாடு போட்டுப் பழக்க வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் தாமதமாகக் கற்றோம். என் வலது கையில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

மறைமுகச் செலவு என்ன? அலுவலகத்தில் போடும் அரைநாள் லீவுகள். "நாய் வெச்சிருக்கிற வீடா, வேண்டாங்க" என்று வராமலே போகிறவர்கள். நாயைக் காரணம் காட்டி விலை குறைப்பவர்கள். எங்களிடம் ஒருவர் "முழு வீட்டுக்கும் பெயிண்ட், புண்ணியாகவாசனம் எல்லாம் பண்ணணுமே" என்று 2 லட்சம் குறைத்துக் கேட்டார். நாய் இல்லாவிட்டால் வேறு காரணம் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

யாருக்கு ஏற்றது: பூனை மட்டும் உள்ளவர்கள், வயதான அல்லது மருந்து சாப்பிடும் நாய் உள்ளவர்கள், வீட்டில் எப்போதும் இரண்டு பேர் இருப்பவர்கள். ஆள் அரவம் கேட்டாலே குரைக்கும் நாயும், வேலைக்குப் போகும் தம்பதியும் என்றால் இது வேலைக்கு ஆகாது.

## வழி 2: போர்டிங்கில் விடுவது

நான் விசாரித்தபோது சென்னையில் நாய்க்கு ஒரு நாளுக்கு 600 முதல் 1,200 ரூபாய் வரை சொன்னார்கள். 800 என்று வைத்தாலும் 45 நாளுக்கு 36,000. வீடு 45 நாளில் விற்றுவிடும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறைக்கு இடம் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தால் கட்டணம் ஏறும்.

நாங்கள் ராணியைப் பன்னிரண்டு நாள் விட்டோம். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் அவள் திரும்பி வந்தபோது எடை குறைந்திருந்தது, காது மடலுக்குள் ஏழு உண்ணி. அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுச் சுவர் முழுக்க மருந்து அடித்திருந்தோம். அந்தக் காசும் போச்சு. உண்ணிக் காய்ச்சல் வரவில்லை என்று ரத்தப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ள இன்னொரு செலவு.

நல்ல இடம் என்றால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். கேட்காத இடத்தில் விடாதீர்கள். ரேபிஸ் ஊசியோடு, கூட்டமாக இருக்கும் இடத்தில் பரவும் இருமல் நோய்க்கான ஊசியும் வேண்டும். அது வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் ஆகும், ஆகவே கிளம்பும் அன்று போட்டுப் பயனில்லை. முதலில் ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

பூனையைப் போர்டிங்கில் விடுவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். இடம் மாறிய பூனை சாப்பிடாமல் கிடக்கும். ஓரிரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டுப் பூனைகளுக்கு இன்னும் அதிகம். ஆண் பூனைக்கு மனக்கலக்கத்தில் மூத்திரம் அடைத்துக்கொள்வதும் உண்டு. அடைத்துவிட்டால் அது அன்றைக்கே ஓட வேண்டிய அவசரம்.

இவ்வளவு திட்டினாலும் போர்டிங்குக்கு ஒரு இடம் உண்டு. பெயிண்ட் அடிக்கும் நாட்கள், பெஸ்ட் கண்ட்ரோல், சாமான் கட்டும் நாள். நான்கைந்து நாளுக்குக் குறிப்பான வேலை இருக்கும்போது நாய்க்கு அது சரியான ஏற்பாடு. விற்பனை முடியும் வரைக்கும் என்று முடிவு தெரியாத கெடுவுக்கு எடுப்பதுதான் தப்பு.

## வழி 3: சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவது

கேட்க நன்றாக இருக்கும். மதுரையில் அக்கா வீடு, சுற்றிலும் தோட்டம், காசு இல்லை. போய்ச் சேருவதே முதல் கஷ்டம். ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூப்பேயையோ நான்கு பேர் கேபினையோ முழுதாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியை ஒட்டிய நாய்க் கூண்டு. ராத்திரி முழுக்க அதில் தனியாக ஒரு வீட்டு நாய் என்று நினைத்துப் பார்த்துவிட்டு நாங்கள் டாக்ஸி பிடித்தோம். போக வர டாக்ஸிக் காசில் பத்து நாள் போர்டிங் முடிந்திருக்கும்.

அங்கே போன பிறகு கேட் திறந்தே கிடக்கும், தெரு நாய்கள் வரும், பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போகும். தினமும் அக்காவிடம் போன் வரும். குறை சொல்லவும் முடியாது. இந்த நன்றிக்கடன் எந்தக் கணக்கிலும் வராது, ஆனால் அடுத்த பத்து வருஷக் கல்யாணங்களில் பேசப்படும்.

நாயை ஏற்கெனவே தெரிந்த, அது முன்பே தங்கிய வீடு, அதுவும் அதே ஊரில் என்றால் நான்கு வழிகளில் இதுவே சிறந்தது. வெளியூர் என்றால் யோசியுங்கள். பூனை என்றால் வேண்டவே வேண்டாம், ஜன்னல் திறந்தால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். 'கொஞ்ச நாளைக்கு' என்று அனுப்பியவர்கள் பிறகு கூட்டிக்கொள்ளாமலே விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

## வழி 4: நாம் முதலில் குடிபெயர்ந்து, காலி வீட்டை விற்பது

வீட்டுக்கு இது மிக நல்லது. எல்லாச் சுவரும் தெரியும், ஒரே மூச்சில் பெயிண்ட் முடியும், சாவியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டால் அவர் நினைத்த நேரத்தில் வரலாம். பிராணிகளுக்கும் ஒரே ஒரு இடமாற்றம்தான்.

கணக்கைப் பாருங்கள். எங்களுக்கு வாடகை 22,000, பழைய வீட்டின் மெயின்டனன்ஸ் 3,500, வழக்கமான வீட்டுக் கடன் தவணை. மூன்று மாதம் என்றால் தவணையை விட்டுவிட்டாலும் 76,500. வீட்டு விலை 70 லட்சம் என்றால் ஒரு சதவீதம் 70,000. காலி வீடு என்பதால் பேரத்தில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சமானாலே கைக்காசு திரும்பிவிடும். ஆறு மாதம் இழுத்தால் கணக்கு தலைகீழ்.

ஆனால் உண்மையான தடை வாடகை வீடு கிடைப்பது. "நாய் இருக்கா? சாரிங்க" என்று போனை வைத்துவிடுகிறார்கள். குடியிருப்புச் சங்கம் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வீட்டு ஓனர் வாடகைக்கு விட மறுப்பதை அது என்ன செய்யும்? ஒத்துக்கொள்ளும் ஓனர் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்பார். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்தத் 'தனி ஒப்பந்தத்தில்' நாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். எங்களுக்கு ஒத்துவரும் வீடு தேடியே ஏழு வாரம் போனது. அதற்குள் ஃபிளாட்டுக்கு டோக்கன் வந்துவிட்டதால் இந்த வழியைக் கணக்கோடு விட்டுவிட்டோம்.

காலி வீட்டுக்கென்றே சில வினோதத் தொல்லைகள் உண்டு. பூனைத் தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு ஆளில்லாத வீட்டில் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் தூங்கும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் ஒன்றாக வெளியே வரும். அதாவது முதலில் உள்ளே வரும் பார்ட்டியின் கணுக்காலில். காலி செய்யும் அன்றே மருந்து அடித்துவிட வேண்டும். இன்னொன்று, பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே இருக்கும் நானி ட்ராப்பில் தண்ணீர் வற்றினால் சாக்கடை வாசனை மேலே வரும். வந்தவர் அதையும் "நாய் இருந்த வீடு பாருங்க" என்று உங்கள் நாய் தலையில் கட்டுவார். வாரம் ஒரு முறை யாராவது போய் ஜன்னலைத் திறந்து, அந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும்.

காலி வீடு என்பதால் பூனை இருந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். கேட்டால் சொல்லிவிடுங்கள். பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒவ்வாமைப் புரதம் பூனை போன பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். வருகிறவர் வீட்டில் ஆஸ்துமா குழந்தை இருந்தால் அது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம்.

## ஒரே பார்வையில்

| | வீட்டிலேயே | போர்டிங் | சொந்தக்காரர் | முதலில் குடிபெயர்வது |
|---|---|---|---|---|
| வாசனை | தினசரிப் போராட்டம் | நாய் வாசனை குறையும், பழைய கறை அப்படியே | அதே | ஒரே முறையில் தீர்க்கலாம் |
| திடீர் வருகை | கஷ்டம் | சுலபம் | சுலபம் | மிகச் சுலபம் |
| நாய்க்கு | வெளியே கூட்டிப்போக ஆள் இருந்தால் நல்லது | நான்கைந்து நாள் வரை சரி | தெரிந்த வீடு என்றால் மிக நல்லது | நல்லது |
| பூனைக்கு | தனி அறை இருந்தால் நல்லது | தவிர்க்கவும் | வேண்டாம் | நல்லது, புது வீட்டில் முதலில் ஒரே அறை |
| தெரியும் செலவு | குறைவு | நாளுக்கு நாள் ஏறும் | பயணம் | இரண்டு வீட்டுச் செலவு |
| தெரியாத செலவு | லீவு, பேரம் | உண்ணி, இருமல், எடைக்குறைவு | நன்றிக்கடன் | வாடகை வீடு தேடும் காலம் |
| தாங்கும் காலம் | 6 முதல் 8 வாரம் | ஒரு வாரம் | இரண்டு மாதம் | பணம் உள்ளவரை |

## நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று

நாங்கள் செய்த பெரிய தப்பு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கப் பார்த்தது. நாய்க்குப் பிரச்சினை வருகிற ஆட்கள். பூனைக்குப் பிரச்சினை இடமாற்றம். நாயைக் காட்டும் நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்தால் போதும். பூனையை வெளியே எடுக்காமல் இருந்தால் போதும். இதைப் பிரித்துப் பார்த்த பிறகு கடைசி மூன்று வாரம் சுமுகமாக ஓடியது. ராணி வார இறுதிகளில் இரண்டு தெரு தள்ளி இருந்த என் மைத்துனன் வீட்டில், பூனைகள் சின்ன அறையில்.

புரோக்கரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதும் உதவியது. "நாய், பூனை இருக்குன்னு போன்லயே சொல்லிடட்டுமா சார்? வர்றவங்க குறைவாங்க, ஆனா வர்றவங்க வாங்குறவங்களா இருப்பாங்க" என்றார். அப்படித்தான் ஆனது. கடைசியில் வாங்கியவர்கள் வீட்டிலும் ஒரு பூனை. அவர்கள் பால்கனியில் நின்று கேட்ட முதல் கேள்வி, "இந்த வலையை விட்டுட்டுப் போவீங்களா?"

கையில் ஆறு மாத வாடகைக்குப் பணமும், நாயை ஒத்துக்கொள்ளும் வாடகை வீடும் இருந்தால் நாலாவது வழிக்கே போங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மேலே சொன்ன கலவைதான் என் சிபாரிசு. காட்டத் தொடங்கும் நாளை ஆவணியிலோ தையிலோ வையுங்கள். தை என்றால், மழைக்காலத்தில் சுவர் காயாது என்பதால் பெயிண்ட் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

தாம்பரம் நண்பருக்கும் இதையேதான் சொன்னேன். அவருடைய லேப்ரடார் குரைக்காதாம். வருகிறவர் ஒவ்வொருவரின் காலடியிலும் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காதாம். சேலையூரில் இருக்கும் அவர் தங்கை சனி, ஞாயிறு அதைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். பூனைக்கு மகனின் அறை. அடுத்த வாரம் பெயிண்டர் வருகிறார், அந்த ஐந்து நாளுக்கு மட்டும் நாய்க்குப் போர்டிங். காது மடலுக்குள் பார்த்துவிட்டு வீட்டுக்குள் விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.